தங்கை கையெழுத்து இல்லாத கிரயப் பத்திரம்: கட்டட வேலையைத் தொடரலாமா?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் 21 ஆண்டுகளாக வாடகைக்கும் லீசுக்குமாக வீடு மாறி மாறிக் குடியிருந்தோம். லீசுக்குக் கொடுத்த பணம் திரும்பி வந்ததும், சேமிப்பையும் சேர்த்து, மாலூர் தாலுகாவில் ஒரு சிறிய ஊரில் பழைய ஓட்டு வீட்டை 18 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். எங்கள் முதல் சொந்த வீடு. வீட்டை விற்ற அண்ணன் தம்பி இருவரும் அவர்களுடைய தாயாரும் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போனது. 2009இல் காலமான அவர்களுடைய தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு; உயில் இல்லை. கத்தா, அதாவது வீட்டு வரிப் பதிவு, மூத்தவர் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் குறை எதுவும் இல்லை. பின்சுவரை இடித்து, பாதிக் கூரையைப் பிரித்து, குளியலறை கட்டத் தொடங்கி 3.5 லட்சம் செலவாகிவிட்டது. போன மாதம் கோலார் தங்கவயலில் இருக்கும் அவர்களுடைய தங்கையிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீட்டில் கால் பங்கு தன்னுடையது, வேலையை நிறுத்துங்கள் என்கிறார். "கல்யாணத்திலேயே நகை போட்டு அனுப்பிவிட்டோம், அவளுக்கு ஒன்றும் கிடையாது. சீக்கிரம் கட்டி முடித்துக் குடியேறிவிடுங்கள், பிறகு யாரும் அசைக்க முடியாது" என்கிறார்கள் அண்ணன்கள். அப்படியே செய்துவிடலாமா?

பதில்: செய்யாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் கைக்கு வந்த தேதி உங்கள் வாழ்க்கையில் முக்கியமான தேதி. சொத்து மாற்றச் சட்டத்தின் 51ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. சொத்து தனக்கே முழு உரிமை என்று நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் அதில் செலவு செய்திருக்க, மேலான உரிமை உள்ள இன்னொருவர் வந்து அவரை வெளியேற்றினால், செய்த மேம்பாட்டின் மதிப்பைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. இல்லையென்றால் அந்த உரிமையைச் சந்தை விலைக்குத் தனக்கே விற்கும்படி கேட்கலாம். பாகப்பிரிவினை வழக்கிலும் இதே நியாயத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். இதற்கு அடிப்படை நல்லெண்ணம். இதுவரை போட்ட 3.5 லட்சத்துக்கு அது பொருந்தும். நோட்டீசைப் படித்த பிறகு வாங்கும் ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூடப் பொருந்தாது. வேகமாகக் கட்டி முடித்தால் பாதுகாப்பு என்று சொல்பவர்கள், உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பை உங்கள் கையாலேயே உடைக்கச் சொல்கிறார்கள்.

தங்கையின் உரிமை உண்மையானதுதான். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சம்பாத்தியம், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். நீங்கள் சொன்ன குடும்பத்தில் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. ஒன்றை மட்டும் உடனே விசாரியுங்கள்: 2009இல் அந்தத் தந்தையின் தாயார் உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் பங்கு ஐந்தாகும். பாட்டி பங்கின் வழியாக அத்தை, சித்தப்பா என்று இன்னும் சிலர் வருவார்கள்.

நகை போட்டது பங்கைத் தீர்க்காது. பங்கை விட்டுக்கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். இங்கே அப்படி ஒன்று இல்லை. குடியிருக்கும் வீட்டை மகள் பிரித்துக் கேட்கக் கூடாது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வதற்கும் ஒரு காலத்தில் சட்டத்தில் இடம் இருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளும் வரை பெண் பிரித்துக் கேட்க முடியாது என்றது அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. 2005இல் அதை நீக்கிவிட்டார்கள். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பழைய நம்பிக்கை மட்டும் போகவில்லை. எத்தனையோ பெண்களின் பங்கை அது விழுங்கியிருக்கிறது.

வில்லங்கச் சான்றில் ஏன் தெரியவில்லை என்று நினைப்பீர்கள். அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். தங்கைக்கு உரிமை வந்தது தந்தை இறந்த நாளில். அதற்குப் பத்திரம் தேவையில்லை. கத்தா வரி கட்டுவதற்கான பதிவு, உரிமைப் பத்திரம் ஆகாது. கேட்டிருக்க வேண்டிய காகிதம் வம்ச விருட்சம், அதாவது வாரிசுகள் எல்லோரையும் காட்டும் குடும்ப மரம். மகள் பெயர் அதில் இருந்திருக்கும். இதைப் படித்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பெங்களூரில் பல ஆண்டுகள் கன்னடம் பேசி வாழ்ந்தும், கன்னடத்தில் எழுதிய பத்திரத்தைப் படிக்க முடியாமல் அடுத்தவர் வார்த்தையை நம்பும் நம் மக்கள் ஏராளம். இப்போதாவது நம்பிக்கையான ஒருவரை வைத்து உங்கள் கிரயப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். "எங்களைத் தவிர வேறு வாரிசு இல்லை", "குறை வந்தால் நாங்களே ஈடு செய்வோம்" என்ற வாசகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டாலும், விற்பதற்குத் தனக்கு அதிகாரம் உண்டு என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும்.

ஆகவே உங்கள் பத்திரம் முக்கால் பங்குக்குச் செல்லும். கால் பங்குதான் பாக்கி. சிறிய பாக்கி என்று விட்டுவிட முடியாது. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்குக் குடும்பத்தாரோடு சேர்ந்து அதில் குடியிருக்கும் உரிமை இல்லை என்கிறது அதே சட்டத்தின் 44ஆவது பிரிவு. தங்கை அதை வைத்துத் தடையுத்தரவு கேட்கலாம். நீங்களே முந்திக்கொண்டு பாகப்பிரிவினை வழக்குப் போடுவதும் ஆபத்து. வெளியாள் வழக்குப் போட்டால், குடும்பத்தைச் சேர்ந்த பங்குதாரர் அவருடைய பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4ஆவது பிரிவில் இடம் தருகிறது. வீடே கையை விட்டுப் போகும்.

நோட்டீசுக்கு உங்கள் சொந்த வக்கீல் மூலம் மரியாதையாகப் பதில் அனுப்புங்கள். அண்ணன்களின் வக்கீலே உங்களுக்கும் எழுதித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் நலனும் உங்கள் நலனும் இனி ஒன்றல்ல. உங்களைக் கேட்காமல் தடையுத்தரவு பிறக்காதிருக்க மாலூர் நீதிமன்றத்தில் கேவியட் மனுப் போடுங்கள். அது 90 நாள் செல்லும்.

பிறகு தங்கவயலுக்குப் போய் அந்தப் பெண்ணை நேரில் பாருங்கள். அவர் உங்களுக்கு எதிரி அல்ல. அவர் பங்குக்குரிய 4.5 லட்சம் ரூபாய் இப்போது அண்ணன்களிடமும் தாயிடமும் இருக்கிறது. அதை அவர்கள் அவருக்குக் கொடுக்க, அவர் தன் கால் பங்கை உங்கள் பெயருக்குக் கிரயமாகப் பதிவு செய்து தருவதே நல்ல வழி. அவருடைய உரிமை வீட்டில்தான். பழைய விலையை ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சற்றுக் கூடுதலாகக் கேட்டால் நியாயமாகப் பேசுங்கள். இந்த இரண்டாவது பத்திரத்தின் முத்திரைக் கட்டணத்தையும், கர்நாடகத்தில் 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாகிவிட்ட பதிவுக் கட்டணத்தையும் அண்ணன்களே ஏற்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் மறுத்தால் பணத்தைத் திரும்பக் கேட்டு உரிமையியல் வழக்கு, அதன் பிறகு மோசடிப் புகார். போலீசுக்கு முதலிலேயே போனால் பேச்சு அறுந்துவிடும்.

வக்கீல் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால், வருமானம் எவ்வளவு என்று பாராமல், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாலூர் நீதிமன்றத்தில் இருக்கும் தாலுகா சட்ட சேவைகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். வழக்குக்கு முன்பே அவர்கள் வழியாக லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமும் பேசலாம்.

பிரித்த கூரையை அப்படியே விட்டால் மழையில் மண் சுவர் கரையும். அதன் மேல் தார்ப்பாய் கட்டுவதும் விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதும் வீட்டைக் காக்கும் வேலை; அவற்றைச் செய்யப்போவதைப் பதில் நோட்டீசிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அதற்கு முன் வீடு முழுவதையும் தேதியோடு படம் எடுத்து, ஒரு பொறியாளரிடம் இதுவரை நடந்த வேலைக்கு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். நோட்டீசுக்கு முந்திய ரசீதுகள் ஒரு கவரில், பிந்தியவை வேறு கவரில். தங்கையின் பத்திரம் பதிவான பிறகு பஞ்சாயத்தில் கத்தாவை உங்கள் பெயருக்கு மாற்றி, கட்டட அனுமதியும் வாங்கிக்கொண்டு மேஸ்திரியை மறுபடி கூப்பிடுங்கள்.