எந்தப் பழைய படத்துக்கு டிக்கெட் எடுப்பது?

அன்புள்ள சார்,

வேலைக்காக நான் வந்திருக்கும் நகரத்தில் பழைய படங்களையே போடும் தியேட்டர்கள் சில இருக்கின்றன. இந்த வாரப் பட்டியலில் நான்கு படங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘டோக்கியோ ஸ்டோரி’, சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’, ‘ழான் டீல்மான்’. எதையும் பார்த்ததில்லை. ஒரு மாலைதான் ஒதுக்க முடியும். கூடவே தம்பியும் வருவான். கறுப்பு வெள்ளை என்றாலே கொட்டாவி விடுகிறவன். உலகின் சிறந்த படம் எது என்று ‘சைட் அண்ட் சவுண்ட்’ சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய 2022 வாக்கெடுப்பில் ‘ழான் டீல்மான்’ முதலிடம் என்கிறார்களே, அதற்கே போய்விடலாமா? எந்த வரிசையில் உட்கார்ந்தால் நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பியைக் கூட்டிக்கொண்டு ‘ழான் டீல்மான்’ போக வேண்டாம். அப்புறம் அவன் உங்களோடு எந்தப் படத்துக்கும் வரமாட்டான்.

அந்த வாக்கெடுப்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 1952இல் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலில் வந்தது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ‘சிட்டிசன் கேன்’. 2012இல் ‘வெர்டிகோ’. இப்போது இது. நல்ல படங்களைத் தெரிந்துகொள்ள அந்தப் பட்டியல் உதவும், நானும் பார்ப்பதுண்டு. ஆனால் இன்று மாலை எங்கே போகலாம் என்பதற்கு அதில் பதில் இல்லை. நான்குமே பெரிய படங்கள்தான். இந்தப் படத்தை வீட்டில் பார்த்தால் எது கைநழுவும் என்று மட்டும் யோசியுங்கள். அதிகம் நழுவுகிற படத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

‘லாரன்ஸ்’ விஷயத்தில் பதில் சுலபம். ஓமர் ஷெரீஃப் அறிமுகமாகும் காட்சியில் பாலைவனத்தின் தொடுவானத்தில், கானலுக்குள் ஒரு புள்ளி அசைகிறது. அது ஒட்டகத்தில் வரும் ஆள் என்று தெரியவே நேரமாகிறது. இந்த ஷாட்டுக்காகவே பனாவிஷன் நிறுவனத்திடமிருந்து, தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 482 மி.மீ. லென்ஸ் ஒன்றை வரவழைத்தார்கள். கிணற்றடியில் நிற்கும் இருவரோடு சேர்ந்து நாமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கைபேசியில் அந்தப் புள்ளியே இருக்காது. படம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் இடைவேளை உண்டு. வழக்கத்தைவிட அகலமான 65 எம்எம் நெகட்டிவில் எடுத்து, 70 எம்எம் பிரிண்டாகத் திரையிட்ட படம். தியேட்டர் அறிவிப்பில் 70 எம்எம் பிரிண்ட் என்று போட்டிருந்தால் இந்தக் கடிதத்தின் மிச்சத்தைப் படிக்காமல் கிளம்பிவிடுங்கள். அது அடிக்கடி அமையாது.

அதற்காக ஃபிலிம் பிரிண்ட் என்றாலே உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். 1980களுக்கு முந்தைய கலர் பிரிண்டுகள் பலவற்றில் நீலமும் பச்சையும் வெளிறி, படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும். அப்படி ஒரு பிரிண்டைவிட நெகட்டிவிலிருந்து ஒழுங்காக மீட்டெடுத்த டிஜிட்டல் பிரதி எவ்வளவோ மேல். கறுப்பு வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, கீறல்தான் பிரச்சினை. எனக்குக் கீறல் பிடிக்கும், அது வேறு விஷயம்.

‘ழான் டீல்மான்’ இதற்கு நேரெதிர். திரையின் அளவு அங்கே பெரிய விஷயமில்லை. ஷான்டால் ஆக்கர்மன் 1975இல் எடுத்தது, 201 நிமிடம். ஒரு விதவையின் மூன்று நாள். சமையல், படுக்கை தட்டுவது, ஷூவுக்குப் பாலிஷ், பிற்பகலில் காசுக்கு உடலுறவு தேடி வந்துபோகும் வாடிக்கையாளர். எல்லாம் அதனதன் வேகத்தில். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு வெந்து குழைந்துவிடுகிறது. முதல் நாளை முழுசாக உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது ஒரு விபத்து மாதிரித் தெரியும். வீட்டில் என்றால் அதற்குள் நாலு தடவை நிறுத்தி, இரண்டு செய்திகளுக்குப் பதில் போட்டிருப்போம். எழுந்துபோக முடியாத இருட்டு அந்தப் படத்துக்கு வேண்டும். ஆகவே தியேட்டரிலேயே பாருங்கள், ஆனால் தனியாக, இன்னொரு நாள்.

‘டோக்கியோ ஸ்டோரி’யை வீட்டிலும் பார்க்கலாம் என்பது என் எண்ணம். அதன் இயக்குநர் ஓஸுவின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். தரையோடு தாழ்ந்த அந்தக் கேமரா, அமைதியான அறையில் உட்கார்ந்து பார்த்தாலும் தன் வேலையைச் செய்துவிடும்.

மிச்சம் ‘சிட்டி லைட்ஸ்’. இந்த மாலைக்கு அதுதான். பேசும்படம் வந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் 1931இல் சாப்ளின் பிடிவாதமாக வசனமில்லாமல் எடுத்தது. இசை அவரே அமைத்து ஃபிலிமோடு சேர்த்தது. சிலை திறப்பு விழாவில் பிரமுகர்கள் பேச வாயைத் திறந்தால் பீப்பீ என்று ஒரு கீச்சொலி மட்டும் வரும். பேசும்படத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்! குத்துச்சண்டைக் காட்சியில் நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஆடுவார். இதைத் தனியாகப் பார்த்தால் புன்னகைப்போம். முன்பின் தெரியாத நூறு பேர் சுற்றிலும் சிரிக்கும்போது அடக்க முடியாது. ஒருவர் கொஞ்சம் முன்னால் சிரிப்பார், இன்னொருவர் தாமதமாக ஆரம்பிப்பார், அதைக் கேட்டு மறுபடி எல்லோரும். வீட்டில் கிடைக்காமல் போவது இந்தக் கூட்டம்தான். அந்தச் சத்தத்தில் உங்கள் தம்பிக்குக் கொட்டாவி வராது. படமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிவைப் பற்றி எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். ஹால் நிரம்பும் காட்சிக்கே போங்கள், காலியாக இருக்கிற பிற்பகல் காட்சி வேண்டாம்.

சரி, இருக்கை. ‘சிட்டி லைட்ஸ்’ கிட்டத்தட்ட சதுரமான படம், அகலத் திரையின் நடுவில் மட்டும் விழும், இரு பக்கமும் கறுப்பாக இருக்கும். அதனால் வழக்கமாக உட்காருவதைவிட இரண்டு மூன்று வரிசை முன்னால் போகலாம். ‘லாரன்ஸ்’ என்றால் நடு வரிசை. முதல் வரிசை எதற்கும் வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும்.