சோசியல் மீடியாவும் கூகுள் டாக்ஸ், ஸ்லாக் மாதிரி டூல்ஸும் இதுக்கு மேல புதுசா கத்துக்க முடியுமா? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

தாராளமா முடியும், வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கேள்விக்கு கீழ விவரத்துல எழுதியிருக்கீங்க, வீடியோ நிறைய பாத்தாச்சு, பாக்கும்போது எல்லாம் புரியுது, ஆனா ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து எழுதற டாக்குமெண்ட்ல கை வைக்க பயமா இருக்கு, ஃபேஸ்புக்ல ஒரு கமெண்ட் போடணும்னாகூட அத யார் யார் பாப்பாங்கன்னு தெரியாம போடாமலே விட்டுடறேன்னு. எனக்கு இது ரொம்ப பழக்கமான பேச்சு. நான் வேலை பாக்கற எடத்துல புதுசா சேர்றவங்களுக்கு பக்கத்துல உக்காந்து இந்த டூல்ஸெல்லாம் காட்டிக் குடுக்கறது என் வேலையில ஒரு பகுதி, வர்றவங்க நிறைய பேரு இதையேதான் சொல்றாங்க, அதுலயும் நல்லா படிச்சவங்க, வேற வேலையில கில்லாடிங்க எல்லாம் சொல்றாங்க.

நான் பாத்த வரைக்கும் பட்டன் எங்க இருக்குன்னு தெரியாம யாரும் ரொம்ப நாள் தடுமாறல, அது தேடினா கிடைச்சிடும். எதிர்ல இருக்கறவங்க ஸ்க்ரீன்ல என்ன தெரியுதுன்னு தெரியாமதான் தடுமாறறாங்க. வேர்ட்ல ஒரு லெட்டர் அடிக்கறீங்கன்னா நடக்கறது பூரா உங்க ஸ்க்ரீன்லயே நடக்குது, தப்பா போனா நீங்களே பாத்து நீங்களே திருத்திக்கலாம். ஆனா வாட்ஸ்அப், ஃபேஸ்புக், பல பேர் சேர்ந்து எழுதற கூகுள் டாக்ஸ், ஆபீஸ் ஆளுங்க பேசிக்கற ஸ்லாக் எதுவா இருந்தாலும் நீங்க ஒண்ண அழுத்தினா அதோட பாதி இன்னொருத்தர் போன்ல நடக்குது, அங்க மணி அடிக்குதா, என்ன காட்டுது, அவங்களால அத மாத்த முடியுமா, எதுவும் உங்களுக்கு தெரியாது. வீடியோல காட்டறதும் ஒரு ஆளோட ஸ்க்ரீன் மட்டும்தான், அத எத்தன தடவ பாத்தாலும் கண்ணாடி இல்லாம தலை சீவற மாதிரிதான், கை பழகிடும் ஆனா எப்படி இருக்குன்னு தெரியாது. அந்த தெரியாததுலதான் பயம் வருது.

அதனால நான் சொல்றது, தனியா உக்காந்து கத்துக்காதீங்க. நம்பிக்கையான ஒரு ஆள பக்கத்துல வெச்சுக்கோங்க, அவங்களுக்கும் ஒண்ணும் தெரியலன்னாலும் பரவால்ல, ரெண்டு ஸ்க்ரீனும் ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியணும், அவ்ளோதான். ஆளே கிடைக்கலன்னா லேப்டாப்ல ஒரு அக்கவுண்ட், போன்ல இன்னொரு அக்கவுண்ட் வெச்சு நீங்களே ரெண்டு ஆளா இருந்து பாருங்க. இந்த மாதிரி டூல்ஸ் பொறந்ததே ரெண்டு ஆள வெச்சுதான். 1968 டிசம்பர் 9-ம் தேதி டக்ளஸ் எங்கெல்பார்ட்னு ஒரு அமெரிக்க கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் சான் ஃபிரான்சிஸ்கோல மேடையில உக்காந்து மவுஸ முதல் தடவையா பொதுவுல காட்டினார்ல, அன்னிக்கே மென்லோ பார்க்னு வேற ஊர்ல இருந்த தன் சக ஊழியரோட முகத்த ஸ்க்ரீன்ல வர வெச்சு பேசிக்கிட்டே, ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல சேர்ந்து வேலை செஞ்சு காட்டினாங்க. நாம இப்ப பண்றது எல்லாம் அதோட தொடர்ச்சிதான்.

முதல்ல கூகுள் டாக்ஸ்லேருந்து ஆரம்பிங்க. எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, எழுத்து பிரமாதமா இருக்கும், ஆனா ஷேர்டு டாக்குமெண்ட்ல ஒரு வரி எழுத மாட்டாங்க, தனியா வேர்ட்ல அடிச்சு மெயில்ல அனுப்பி "நீயே அதுல ஒட்டிடுப்பா"ன்னு சொல்லுவாங்க. ஒரு நாள் ஒரு வெத்து டாக்குமெண்ட்ட திறந்து அவங்களுக்கு ஷேர் பண்ணிட்டு, மனசுல வர்றத எழுதுங்கக்கான்னு சொன்னேன். அவங்க அடிக்க அடிக்க என் லேப்டாப்ல அவங்க பேர் போட்ட கலர் கர்சர் ஒவ்வொரு எழுத்தா நகர்றத திருப்பிக் காட்டினேன், அடிச்சு அழிச்சது கூட எனக்கு தெரியுதுன்னு அப்பதான் பாத்தாங்க. ரெண்டு பத்தி எழுதி முடிச்சதும் நான் என் பக்கத்துலேருந்து கண்ட்ரோல் ஏ, டெலீட், மொத்தமும் போச்சு. "டேய் என்னடா பண்ண"ன்னு பதறிட்டாங்க. உடனே அவங்க கையாலயே ஃபைல் மெனுல வெர்ஷன் ஹிஸ்டரிய திறக்க சொன்னேன், வலது பக்கம் நேரம் போட்டு வரிசையா பழைய வெர்ஷன் எல்லாம் நின்னுது, எது அவங்க எழுதினது, எது நான் அழிச்சதுன்னு கலர் கலரா தெரிஞ்சுது, ரெஸ்டோர் அழுத்தினாங்க, ஒரு எழுத்து குறையாம திரும்பி வந்துடுச்சு. அவங்க அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நான் எழுதினத அழிக்கறதும் மீட்கறதுமா வெளையாடிக்கிட்டே இருந்தாங்க. அன்னிக்கு சாயங்காலமே மெயின் டாக்குமெண்ட்ல நேரா எழுதினாங்க.

நான் யாருக்கு சொல்லிக் குடுத்தாலும் இந்த அழிச்சு மீட்கறதத்தான் முதல் பாடமா வெக்கறேன், எழுதறதையே அப்புறம்தான். ஒண்ணு மட்டும் கவனிங்க, டாக்குமெண்ட்ட மேக் எ காப்பி போட்டு எடுத்தா புது காப்பிக்கு பழைய ஹிஸ்டரி வராது, அதனால காப்பிக்கு மேல காப்பி எடுத்து ஃபைனல், ஃபைனல் 2ன்னு பேர் வெக்கற பழக்கத்த இங்க கொண்டு வராதீங்க, ஒரே ஃபைல வெச்சுக்கிட்டு முக்கியமான கட்டத்துல அந்த வெர்ஷனுக்கு ஒரு பேர் குடுத்து வெச்சா போதும், அதுக்கும் அந்த மெனுலயே வழி இருக்கு. அடுத்தவங்க எழுதினத நேரா திருத்த கூச்சமா இருந்தா சஜஸ்டிங் மோட்ல வெச்சுட்டு திருத்துங்க, உங்க திருத்தம் தனி கலர்ல நிக்கும், எழுதினவங்க டிக் போட்டா சேரும், எக்ஸ் போட்டா போயிடும். பத்து பேர் சேர்ந்து எழுதற எடத்துல இதுதான் மரியாதையான வழின்னு நான் நினைக்கறேன்.

ஷேர் பண்றதுலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. லிங்க் அனுப்புவீங்க, உங்களுக்கு அழகா திறக்கும், அங்க "ரிக்வெஸ்ட் ஆக்சஸ்"னு வந்து நிக்கும், இல்லன்னா அதுக்கு நேர் எதிர், லிங்க் வெச்சிருக்கற யார் வேணும்னாலும் எடிட் பண்ணலாம்னு வெச்சு அனுப்பியிருப்பீங்க, அது எந்த குரூப்புக்கு போச்சுன்னே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே மருந்துதான். லிங்க்க காப்பி பண்ணி பிரவுசர்ல இன்காக்னிடோ விண்டோ ஒண்ண திறந்து அதுல போட்டு பாருங்க. அங்க நீங்க லாகின் பண்ணாத அந்நியர், அந்த அந்நியருக்கு என்ன தெரியுதோ அதுதான் லிங்க் கிடைச்ச எவருக்கும் தெரியும். வியூவர், கமெண்டர், எடிட்டர்னு மூணு அனுமதி இருக்கு, பேர் போட்டு குடுக்க முடிஞ்சா பேர் போட்டே குடுங்க, லிங்க் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும்னு வெச்சா வியூவரோட நிறுத்திக்கோங்க.

ஸ்லாக்ல வேற ஒரு பிரச்சனை, அங்க கேள்வி யார் பாக்கறாங்கன்றது இல்ல, யாருக்கு மணி அடிக்குதுன்றதுதான். @ போட்டு பேர் எழுதினா அந்த ஆளுக்கு மட்டும் மணி போகும், @சேனல்னு போட்டா அந்த சேனல்ல, அதாவது குரூப்ல, இருக்கற அத்தன பேருக்கும் போகும், லீவுல இருக்கறவருக்கும் போகும், @ஹியர்னு போட்டா அந்த நேரத்துல ஆன்லைன்ல இருக்கறவங்களுக்கு மட்டும். பக்கத்துல இருக்கறவங்க போன மேசையில வெச்சு மூணையும் ஒரு டெஸ்ட் சேனல்ல போட்டு பாருங்க, எது அதிருது எது அதிரலன்னு நேர்ல பாத்தா மறக்கவே மறக்காது. அப்புறம் பதில் சொல்லும்போது த்ரெட்ல, அதாவது அந்த மெசேஜுக்கு கீழயே தனியா, சொல்லுங்க, வெளிய சொன்னா நாலு பேச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து எது எதுக்கு பதில்னு யாருக்கும் புரியாது.

வாட்ஸ்அப் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்னு நினைப்பீங்க, ஆனா அதுலயும் மறுபக்கம் பாத்தவங்க கம்மி. டெலீட் ஃபார் மீ போட்டா உங்க போன்ல மட்டும்தான் போகும், எதிர்ல அப்படியே இருக்கும். டெலீட் ஃபார் எவ்ரிஒன் போட்டாலும் மெசேஜ் அழிக்கப்பட்டதுன்னு ஒரு அடையாளம் அங்க நிக்கும், அதுக்குள்ள அவங்க படிச்சிருக்கவும் கூடும். அனுப்பினத 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், எழுத்துப்பிழைக்கு அழிக்கறத விட அது நல்லது. ரெட்டை அம்புக்குறியோட ஒரு ஃபார்வர்டு வந்துச்சுன்னா அது கை மாறி கை மாறி பல தடவ வந்ததுன்னு அர்த்தம், 2020 ஏப்ரல்லேருந்து அந்த மாதிரி மெசேஜ ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மேல அனுப்ப முடியாதபடி வெச்சிருக்காங்க, அந்த அம்பு வந்தாலே அனுப்பாம விடறது உத்தமம்.

இப்ப ஃபேஸ்புக் கமெண்ட். உங்க சந்தேகம் ரொம்ப நியாயமானது, இத தெளிவா சொல்றவங்க கம்மி. உங்க போஸ்ட்ட யார் பாக்கலாம்னு நீங்க முடிவு பண்றீங்க, ஆனா இன்னொருத்தர் போஸ்ட்டுக்கு கீழ நீங்க போடற கமெண்ட்ட யார் பாக்கலாம்னு முடிவு பண்றது அந்த போஸ்ட் போட்டவர். உங்க ப்ரொஃபைல எவ்ளோ பூட்டி வெச்சிருந்தாலும் சரி, அவர் போஸ்ட் பப்ளிக்னா உங்க கமெண்ட்டும் பப்ளிக்தான். எப்படி கண்டுபிடிக்கறதுன்னா போஸ்ட்ல தேதிக்கு பக்கத்துல குட்டியா ஒரு ஐகான் இருக்கும், உலக உருண்டை இருந்தா ஊருக்கே தெரியும், ரெண்டு ஆள் உருவம் இருந்தா நண்பர்களுக்கு, ஆனா அவரோட நண்பர்களுக்கு, உங்களோட நண்பர்களுக்கு இல்ல, இத சொன்னதும் நிறைய பேருக்கு முகம் மாறும். கமெண்ட் போடறதுக்கு முன்னாடி கண்ணு அந்த ஐகானுக்கு போறத பழக்கமாக்கிக்கோங்க, பாதி பயம் அங்கயே போயிடும். உங்க சொந்த ப்ரொஃபைலுக்கு வியூ அஸ்னு ஒரு வசதி இருக்கு, வெளியாள் வந்து பாத்தா உங்க பக்கம் எப்படி இருக்கும்னு காட்டும், நான் மேல சொன்ன இன்காக்னிடோ மாதிரியேதான். பழைய போஸ்ட்டெல்லாம் பப்ளிக்கா கிடக்குதுன்னு அதுல தெரிஞ்சா ஒவ்வொண்ணா மாத்த வேணாம், செட்டிங்ஸ்ல லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்னு போட்டா மொத்தமா நண்பர்களுக்கு மட்டும்னு மாறிடும்.

தைரியம் வந்ததும் தமிழ் விக்கிபீடியாவுக்கு வாங்க, 2003லேருந்து நடக்குது, ஊர் பேர் தெரியாத மனுஷங்களோட சேர்ந்து எழுதறதுக்கு அத விட நல்ல பயிற்சி எடம் எனக்கு தெரியல. மணல்தொட்டின்னு ஒரு பக்கம் இருக்கும், அங்க என்ன வேணா எழுதி அழிச்சு பாக்கலாம், கட்டுரைக்கு எந்த பாதிப்பும் கிடையாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் வரலாறுன்னு ஒரு பக்கம், யார் எப்ப எந்த வரிய மாத்தினாங்கன்னு ரெண்டு வடிவத்த பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம், பேச்சுப் பக்கத்துல ஏன் மாத்தினாங்கன்னு வாக்குவாதமே கிடக்கும். அதையெல்லாம் சும்மா படிச்சாலே நாலு பேர் சேர்ந்து எழுதும்போது எப்படி பேசணும், எப்படி விட்டுக் குடுக்கணும்னு தானா வரும். நீங்க போட்ட திருத்தத்த ஒருத்தர் மாத்திட்டா கோவப்படாம பேச்சுப் பக்கத்துல காரணம் கேளுங்க, பெரும்பாலும் பொறுமையா சொல்லுவாங்க.

பாதுகாப்பு பத்தி சுருக்கமா, எல்லா அக்கவுண்ட்லயும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது உள்ள நுழையும்போது ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பும் கேக்கற வசதி, போடுங்க, வாட்ஸ்அப்லேருந்து எஸ்எம்எஸ்ல வர்ற 6 இலக்க கோட யார் கேட்டாலும், தெரிஞ்சவங்க நம்பர்லேருந்தே கேட்டாலும் குடுக்காதீங்க.

கடைசியா, எந்த டூலும் நிரந்தரம் இல்ல. ஆர்குட் 2014ல மூடினாங்க, கூகுள் பிளஸ் 2019ல, யாஹூ குரூப்ஸ் 2020ல, வருஷக்கணக்கா அதுல பேசி வெச்சதெல்லாம் எடுத்து வெக்காதவங்களுக்கு போனது போனதுதான். ஸ்லாக் ஃப்ரீ பிளான்ல இப்பவே 90 நாளைக்கு முந்தின மெசேஜ் பாக்க முடியாது, அதனால முக்கியமான முடிவு எதையும் சாட்ல மட்டும் விடாதீங்க, ஒரு டாக்குமெண்ட்ல எழுதி வெச்சிடுங்க. கூகுள்ல இருக்கற உங்க டேட்டாவ டேக்அவுட்னு ஒரு எடத்துல மொத்தமா கேட்டு வாங்கலாம், ஃபேஸ்புக்லயும் டவுன்லோட் பண்ண செட்டிங்ஸ்ல வழி இருக்கு. கேட்டவுடனே வராது, தயாரானதும் மெயில்ல தகவல் வரும், அந்த லிங்க் கொஞ்ச நாள்ல காலாவதியாயிடும், அதனால மெயில் வந்த அன்னிக்கே இறக்கி உங்க கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிடுங்க.