‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறைக்குக் குழாய் வேலை எடுத்துச் செய்யும் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் குழுவில் பதினொரு பேர்: தமிழர்கள், வங்காளதேசத்தவர், மியன்மார்க்காரர்கள், ஒரு சீனர். சென்ற மாதம் நான்கு குழாய்களைக் காட்டி, சோதனை முடியும்வரை இவற்றை வெல்டிங் செய்ய வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். புரிந்ததா என்றும் கேட்டேன். மியன்மார்த் தம்பி ‘ஓகே பாஸ்’ என்றார். மாலையில் போய்ப் பார்த்தால் நான்கும் வெல்டிங் ஆகியிருந்தன. அறுத்தெடுத்து மறுபடி செய்தோம். அலுவலகத்திலும் தொல்லைதான். நான் அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை. ‘உங்களுக்குப் பேச்சுத் தொடர்பு போதாது, இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வாருங்கள்’ என்கிறார் மேலாளர். என் ஆங்கிலம்தான் குறை என்று தோன்றுகிறது. வணிகத்தில் நீண்ட காலம் இருந்தவர் நீங்கள். என்ன செய்யலாம்?

க., ஜூரோங் வெஸ்ட்

*

அன்புள்ள க.,

உங்கள் ஆங்கிலத்தின் மீது பழியைப் போடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ‘ஓகே’தான். அந்தச் சொல்லால் நானும் சூடுபட்டிருக்கிறேன்.

இருபத்து நான்கு வயதில், நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கு மளிகையும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஒருநாள் ஒரு கப்பலின் சமையற்காரர் தொலைபேசியில் அரிசி கேட்டார். அவர் சொன்னது ஃபிஃப்டி, என் காதில் விழுந்தது ஃபிஃப்டீன். ‘ஓகே, ஓகே’ என்று வைத்துவிட்டேன். ஐம்பது மூட்டை போக வேண்டிய இடத்துக்குப் பதினைந்து மூட்டை போனது. கப்பல் மறுநாள் விடியலில் புறப்பட வேண்டியது. நள்ளிரவில் இன்னொரு படகு பிடித்து மீதியை ஏற்றினோம். அந்தச் செலவைவிட, ‘நீ திருப்பிச் சொல்லவே இல்லையே’ என்று அந்தச் சமையற்காரர் வருத்தத்தோடு கேட்டதுதான் இன்றும் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து எண்களை ஒவ்வொன்றாகத்தான் சொல்கிறேன்: ஐந்து, பூஜ்யம்.

எனக்கு ஒரு படகுச் செலவோடு போயிற்று. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃபே விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் உயிரிழந்தார்கள். மூடுபனிக்குள் ஓடுபாதையின் ஒரு முனையில் டச்சு விமானம், அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்த அமெரிக்க விமானம். டச்சு விமானத்துக்கு அப்போது கிடைத்திருந்தது, வானில் ஏறிய பின் எந்த வழியில் போவது என்ற அனுமதி மட்டுமே. புறப்படும் அனுமதி வரவில்லை. துணை விமானி அந்த வழியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்’ என்று ஒன்றைச் சேர்த்தார். புறப்பட ஆயத்தமாக நிற்கிறோம் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டு அறையிலிருந்த ஸ்பானியர் ‘ஓகே’ என்றார். காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்று அவர் தொடர்ந்து சொன்னது, அமெரிக்க விமானியும் அதே நொடியில் பேசியதால் இரைச்சலில் சிக்கிக்கொண்டது. டச்சு விமானிகள் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ ஒன்றைத்தான்.

அந்த டச்சு விமானி அறைக்குள்ளேயே ஒருவருக்குச் சந்தேகம் வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். நிறுவனத்திலேயே மிக மூத்தவர்களில் ஒருவரான தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொன்னார். பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. விமானம் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர்கள் எல்லோருமே ஆங்கிலத்தில் தொழில் செய்தவர்கள்தான், க. அந்த விபத்துக்குப் பிறகு விமானத்துறை யாரையும் இலக்கணம் படிக்க அனுப்பவில்லை. புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் ‘டேக் ஆஃப்’ என்ற சொல் வரக்கூடாது என்று வரையறுத்தார்கள். முக்கியமான அனுமதிகளை வெறும் ‘ஓகே’யால் ஏற்கக்கூடாது, முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை இறுக்கிப் பிடித்தார்கள். இளையவர் ஐயத்தைச் சொல்லவும் மூத்தவர் அதைக் கேட்கவும் தனிப் பயிற்சி வளர்ந்தது.

இதற்கெல்லாம் நீங்கள் சாங்கி விமான நிலையம்வரை போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடைக்குப் போங்கள். ‘கோப்பி ஓ கொசோங்’ என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ‘கோப்பி சி’ என்றால் கெட்டியான கட்டிப்பால் இல்லை, இனிப்பில்லாத ஆவிப்பால். இவற்றில் ‘ஓ’ ஹொக்கியன் என்ற சீன மொழிச் சொல், ‘கொசோங்’ மலாய்ச் சொல். எந்த மொழிக்காரர் சொன்னாலும் ஒரே பொருள்தான். கேட்டவர் அதை உள்ளே இருப்பவருக்கு உரக்கச் சொல்கிறார், தவறாகச் சொன்னால் நீங்கள் அங்கேயே திருத்திவிடலாம். இத்தனை மொழிகள் புழங்கும் இந்த ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட முறை அது. எனக்கு அதன் மீது உண்மையான மரியாதை உண்டு.

இனி உங்கள் குழாய்களுக்கு வருகிறேன். ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு உலகத்தில் ஒரே பதில்தான் இருக்கிறது. வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்க, பத்துப் பேர் பார்த்திருக்க, ‘புரியவில்லை’ என்று யார் சொல்வார்? நாமே சொல்ல மாட்டோமே! நம்மில் ‘சரிங்க’ என்பதற்குப் பல நேரம் ‘நீங்கள் பேசியது காதில் விழுந்தது’ என்பதுதான் பொருள். ‘பார்க்கலாம்’ என்றால் முடியாது என்று தமிழ்க் காதுக்குத் தெரியும். வேறு மொழி பேசும் மேலாளர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்து நிற்பார். அந்த வெள்ளியும் வருகிற வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று நாமே அடித்துக்கொள்வோம். தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே அந்தக் கேள்வியைக் கைவிட்டு, ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், இதை எப்படிச் செய்யப் போகிறீர்கள், எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். சோதனைக்கு உள்ளாவது உங்கள் விளக்கம், அவருடைய அறிவு அல்ல என்பது குரலிலேயே தெரிய வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில் தினம் ஒருவரைச் சொல்ல வையுங்கள், தமிழரையும் சேர்த்துத்தான். வாய் வராதவர் கையால் காட்டட்டும்.

இன்னொன்று, நீங்கள் கொடுத்தது ‘செய்யாதே’ என்ற கட்டளை. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் எதிர்மறைச் சொல்தான் முதலில் உதிர்ந்துபோகும். அந்தத் தம்பியின் காதில் ‘நான்கு குழாய், வெல்டிங்’ என்பவை மட்டும் தங்கியிருக்கலாம். ‘இந்த நான்கையும் அந்தத் தாங்கியில் வைத்துச் சிவப்பு நாடா கட்டுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்திருக்கும், பிறகு வருகிறவருக்கும் நாடா கண்ணில் பட்டிருக்கும்.

மின்னஞ்சல் விஷயம் சிறியது. நம் பழைய கடிதங்களில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, ‘நிற்க’ என்று ஒரு சொல் போட்டு அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அழகான வழக்கம். தாயாருக்கு எழுதும்போது அப்படியே எழுதுங்கள். மேலாளருக்கு, ‘நிற்க’வுக்குப் பின் வருவதை முதல் வரியில் வையுங்கள்: எனக்கு என்ன வேண்டும், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள். பின்னணி வேண்டுமென்றால் கீழே படித்துக்கொள்ளட்டும். 1979இல் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ அமைச்சர்களையும் மூத்த அதிகாரிகளையும் கூட்டி, எளிமையாகவும் தெளிவாகவும் எழுதுவதைப் பற்றியே உரையாற்றினார். படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால் நீங்கள் கூச வேண்டியதே இல்லை.

வகுப்புக்குப் போய் வாருங்கள், இரண்டு நாள்தானே. ஆனால் முதலில் அந்த மியன்மார்த் தம்பியைப் பாருங்கள். நான்கு குழாய்களுக்காக அவரைத் திட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. அன்று உங்கள் வாயிலிருந்து அவர் காதில் விழுந்தது என்ன என்று, மற்றவர்கள் இல்லாத இடத்தில், கோபமில்லாமல் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.