பழைய தேக்கில் டிரோன் பிரேம் செய்யலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்கிறார்: "மழைக்கு முன் எங்கள் பெரிய வீட்டின் நாட்டு ஓடுகளில் விரிசல் பார்க்க, 450 மி.மீ. அளவில் டிரோன் செய்கிறேன். பி.வி.சி. குழாயில் செய்த பிரேம் பறக்கும்போது நடுங்குகிறது. ஒருமுறை விழுந்ததும் டிரோனின் கை (மோட்டாரைத் தாங்கும் தண்டு) ஒடிந்துவிட்டது. கார்பன் ஃபைபருக்கு வசதியில்லை. வீட்டில் பழைய தேக்குச் சட்டங்கள் கிடக்கின்றன, உதவுமா?"

உதவும், அதுவும் நன்றாகவே.

முதலில் நடுக்கம் ஏன் என்று பார்ப்போம். டிரோனின் கைக்கு உறுதியை விட விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, முக்கியம். கை வளைந்து நிமிர்ந்தால் அந்த அதிர்வு கைரோவுக்கு (டிரோன் திரும்புவதை அளக்கும் சென்சார்) போகிறது. டிரோனைச் சமநிலையில் வைக்கும் பிளைட் கண்ட்ரோலர் அதையும் அசைவு என்று நினைத்துத் திருத்தப் பார்க்கிறது. பி.வி.சி. எடையும் கூட, விறைப்பும் குறைவு. 20 மி.மீ. குழாயில் 25 செ.மீ. துண்டு சுமார் 36 கிராம் வரும். அதே நீளத்துக்கு 12 மி.மீ. அலுமினியம் பாக்ஸ் பைப், 1 மி.மீ. சுவர் என்றால், ஏறக்குறைய 30 கிராம்தான். விறைப்போ சுமார் ஐந்து மடங்கு.

இப்போது தேக்கு. அகலம் 12, உயரம் 18 மி.மீ. என இழைத்தால் 35 கிராம் அளவில் நிற்கும், விறைப்பில் அந்த அலுமினியத்துக்கு ஏறத்தாழ சமம். உயரவாக்கில் நிறுத்துவதுதான் இதில் சூட்சுமம். விறைப்பு உயரத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும் (உயரம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு), அதனால் படுக்க வைத்தால் பாதிக்கு மேல் போய்விடும். புரொப்பெல்லர் காற்றையும் குறுகிய பக்கம் குறைவாகவே மறிக்கும். மரம் அதிர்வை விழுங்கும், ரேடியோ சிக்னலை மறிக்காது. கார்பன் மறிக்கும், மின்சாரமும் கடத்தும். அதில் உரசித் தோலுரிந்த ஒயர் ஷார்ட் ஆகும்.

பல காலம் காய்ந்த சட்டம் இனிமேல் கோணுவது அரிது. ஆனால் ரேகை நீளவாக்கில் நேராக ஓடும் துண்டாக, கணுவும் பழைய ஆணித் துளையும் இல்லாததாகப் பொறுக்குங்கள். உங்கள் வீட்டில் சரியான துண்டு இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் தேடலாம். கதவு நிலையை மட்டும் தயவுசெய்து அறுக்க வேண்டாம்! தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, எபாக்சி பசை போடும் முன் அசிட்டோன் தொட்டுத் துடையுங்கள். கடைசியில் இரண்டு கோட் வார்னிஷ்.

பெரும்பாலான கைகள் ஒடிவது நடுத்தட்டை ஒட்டிய போல்ட் துளையில்தான். ஆகவே அங்கே கையைத் துளைக்காதீர்கள். மேல், கீழ் என இரண்டு தட்டுகளுக்கு நடுவே கையை வைத்து, இருபுறமும் எம்3 (3 மி.மீ.) போல்ட் போட்டு இறுக்குங்கள். தட்டுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. கிளாஸ் எபாக்சி ஷீட் போதும், 3 மி.மீ. நல்ல பிளைவுட்டும் சரிதான். அக்ரிலிக் வேண்டாம், விழுந்தால் சிதறும். அலுமினியக் கையே போட்டால் போல்ட் வரும் இடத்தில் உள்ளே மரக்கட்டை செருகுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போது நசுங்கும். அது வளைந்தால் நிமிர்த்தித் திரும்பப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் மவுண்டை 3டி பிரிண்டில் எடுக்க நினைத்தால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் கூடாது. 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே அது இளகிவிடும். கோடையில் பூட்டிய கார் போதும், மோட்டார் சூடுகூட வேண்டாம். பி.இ.டி.ஜி. (PETG) பிளாஸ்டிக் கொஞ்சம் தாங்கும், ஏ.பி.எஸ். இன்னும் நல்லது.

நீடித்து உழைப்பது என்றால் ஒடியாமலே இருப்பது இல்லை. விழும்போது கை ஒடியட்டும், மோட்டாரும் பேட்டரியும் பிழைக்கட்டும். ஆறு கைகளாக இழைத்து இரண்டை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சட்ட விதி: டிரோனின் எடை 250 கிராமைத் தாண்டி 2 கிலோவுக்குள் வருவதால், 2021 டிரோன் விதிகளின்படி இது மைக்ரோ வகை. சொந்தமாகச் செய்ததாலேயே விதிகள் விலகிவிடாது. பதிவு பற்றிய விதியையும் உங்கள் ஊர் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதி) இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே பறக்கவிடுங்கள். முற்றத்துக்குள் ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும். நாலு பக்கமும் சுவர், ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது. பொட்டலுக்குப் போங்கள்.

பிளைட் கண்ட்ரோலரில் ஆர்டுபைலட் மென்பொருளைப் பயன்படுத்தினால், முதல் பறப்பின் பதிவில் (log) அதிர்வு அளவைப் பாருங்கள். 30 மீ/வி²-க்குக் கீழ் இருந்தால் பொதுவாகப் பிரச்சினையில்லை. 60-ஐத் தாண்டினால் ஓட்டுக்கு மேல் அனுப்பாமல், முதலில் புரொப்பெல்லர் பேலன்சையும் போல்ட்டுகளையும் சரிபாருங்கள்.