அலாட்மென்ட் ப்ளாட்ல காட்டு ப்ளாக்பெரி புதர்: ஒழிச்சுக்கட்டணுமா, பழக்கி எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. இங்கிலாந்துல ரெடிங் பக்கம் இருக்கோம். இந்த வருஷ ஆரம்பத்துலதான் ஒரு அலாட்மென்ட் ப்ளாட் (காய்கறி, பழம் போட்டுக்க வாடகைக்குத் தர்ற துண்டு நிலம்) கிடைச்சுது, 5 ராட் சைஸ், ராட்ங்கறது இங்கத்த பழைய நில அளவு. பின்வேலி ஒரு 7 மீட்டர் நீளம் இருக்கும், அதை ஒட்டி மூணுல ஒரு பங்கு இடம் பூரா ப்ராம்பிள்ங்கற காட்டு ப்ளாக்பெரி முள்ளுப் புதர், ஆள் உயரம். மார்ச்ல இடதுபக்கப் பாதியை தரையோட தரையா வெட்டி விட்டேன். இப்போ ஆகஸ்ட், வெட்டாத பாதியில பழம் கறுத்து தொங்குது, வெட்டின பாதியில மொத்தமொத்தமா பச்சைத் தண்டு மட்டும் மூணு மீட்டருக்கு ஓடுது, ஒரு பழம் கூட இல்ல. பக்கத்து ப்ளாட் பெரியவர் கிளைஃபோசேட் களைக்கொல்லி அடிச்சு எல்லாத்தையும் முடிச்சிடுங்கறார், வீட்ல பழத்தை தின்னு பார்த்துட்டு வேண்டாங்கறாங்க. இதையே ஒழுங்கு பண்ணி வருஷா வருஷம் பழம் எடுக்க வழி இருக்கா?

பதில்: வணக்கம் தம்பி. வழி இருக்கு, நல்லாவே இருக்கு. மருந்து அடிக்கறதை இப்போதைக்கு நிறுத்தி வைங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல அந்தப் பழமே இல்லாத பாதி. செடிக்கு நோவு ஒண்ணும் இல்ல, நீங்க வெட்டினதுல பெரிய கேடும் இல்ல. ப்ராம்பிளோட தூர் பல வருஷம் உசிரோட இருக்கும், ஆனா அதுலேர்ந்து வர்ற ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுசு ரெண்டே வருஷம். மொத வருஷம் இலை விட்டு நீளமா ஓடும், பூக்காது. அடுத்த வருஷம் அதே தண்டுல பக்கக் கிளை வந்து பூத்து காய்ச்சு பழுத்து, அதோட காய்ஞ்சு போயிடும். நம்ம வாழையில தார் போட்ட மரத்தை வெட்டிட்டு பக்கக்கன்னை விடறோம்ல, அந்தக் கணக்குதான். மார்ச்ல நீங்க வெட்டினது இந்த வருஷம் காய்க்க வேண்டிய போன வருஷத் தண்டுங்க. இப்போ ஓடுற பச்சைத் தண்டு எல்லாம் அடுத்த ஆகஸ்ட்ல காய்க்கும். காய்ச்ச தண்டை எடுக்கணும் புதுத் தண்டை விடணும், இது ஒண்ணு பிடிபட்டா போதும், ப்ராம்பிளை பழக்கறதுல முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.

ஆனா எல்லாத் தூரையும் வச்சுக்கக் கூடாது. காட்டு ப்ளாக்பெரின்னு நாம ஒரே பேரா சொல்றோம், பிரிட்டன்ல மட்டும் முந்நூறுக்கு மேல சிறுவகை பிரிச்சு வச்சிருக்காங்க தாவரவியல்காரங்க. ஒரே புதர்ல கைக்கெட்டற தூரத்துல ரெண்டு மூணு வகை பின்னிக் கிடக்கும். ஒண்ணு பெருசா தண்ணியா இருக்கும், ஒண்ணு சின்னதா கொட்டையே வாயில நிறையும், ஒண்ணு மட்டும் தின்னா மறுபடி கை போகும், அதைத்தான் நீங்க கண்டுபிடிக்கணும். அதுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது, இலை உதிர்ந்தப்புறம் எல்லாம் ஒரே முள்ளாத்தான் தெரியும். இந்த வாரமே போய் தின்னு பாருங்க, வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. பக்கத்துல யாராவது ஏற்கனவே மருந்து அடிச்சிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க, இலை திடீர்னு மஞ்சளடிச்சிருந்தா அந்தப் பக்கம் பழம் வேண்டாம்.

ருசி பார்க்கறதுலயும் ஒரு முறை இருக்கு. பளபளன்னு கறுப்பா இருக்கறது இன்னும் முழுசா பழுக்கல, பளபளப்பு மங்கி, தொட்டா இழுக்காமலே கையோட வர்றதுதான் சரியான பழம். ஒவ்வொரு கொத்துலயும் நுனியில இருக்கற பழம்தான் முதல்ல பழுக்கும், அதுதான் பெருசு, இனிப்பும் அதுலதான் கூட. ஒரு புதர்ல நுனிப்பழத்தையும் இன்னொண்ணுல பின்னாடி வந்த பொடிப்பழத்தையும் தின்னுட்டு இதுதான் நல்ல வகைன்னு முடிவு பண்ணிடாதீங்க. நுனிக்கு நுனி ஒப்பிடுங்க. பிடிச்ச செடியோட தண்டை பழத்துலேர்ந்து அடி வரைக்கும் தடவிப் போய் தூர்லயே ஒரு கலர் துணி கட்டிடுங்க, மேல கட்டினா பின்னலுக்குள்ள எது எதோடன்னு தெரியாம போயிடும்.

எத்தனை தூர் வேணும்? 7 மீட்டர் வேலிக்கு ரெண்டே ரெண்டு. ரொம்ப கம்மியா இருக்கேன்னு தோணும், ஆனா ஒரு தூருக்கு மூணு மூணரை மீட்டர் நீளம் கண்டிப்பா வேணும், நெருக்கி வச்சா ரெண்டு வருஷத்துல பழைய புதரே திரும்பி வந்துடும்.

நீங்க தேர்ந்தெடுத்த தூர் வேலியோரமாவே இருந்தா அதிர்ஷ்டம், அதை அங்கேயே விடுங்க. நடுவுல இருந்தா பெரிய தூரை தோண்டி நகர்த்தற கஷ்டம் வேண்டாம், நுனிப் பதியம் போடுங்க, ப்ராம்பிளுக்கு அதை யாரும் சொல்லித்தரவே வேண்டாம், வளைஞ்ச தண்டோட நுனி மண்ணைத் தொட்டா தானாவே வேர் விட்டுடும், இவ்ளோ பெரிய புதர் ஆனதே முக்காவாசி அப்படித்தான். துணி கட்டின தூர்லேர்ந்து இந்த வருஷம் வந்த பச்சைத் தண்டா பார்த்து எடுத்து, மண் நிரப்பின தொட்டியில அதோட நுனியை ஒரு 10, 15 சென்டிமீட்டர் ஆழத்துல புதைச்சு, கிளம்பாம இருக்க வளைச்ச கம்பி ஒண்ணு குத்தி, காயாம தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. குளிர் வர்றதுக்குள்ள வேர் பிடிச்சிடும். மார்ச் வாக்குல தாய்த்தண்டுலேர்ந்து வெட்டி வேலியோரம் நட்டுடலாம். தாய்ச்செடி என்னவோ அதேதான் பிள்ளையும், ருசி மாறாது. அந்தப் பிள்ளை நட்ட வருஷம் தண்டு விட்டு அதுக்கு அடுத்த வருஷம்தான் காய்க்கும், அதனால அது வரைக்கும் தாய்த்தூரையும் விட்டு வைங்க, நடுவுல ஒரு வருஷப் பழம் போகாது.

இப்போ மருந்து விஷயம். பெரியவர் தப்பா சொல்லல, அவர் வேலி தாண்டி இந்த முள்ளு வந்து வந்து அவரும் அலுத்திருப்பார். ஆனா கிளைஃபோசேட் இலையில பட்டா தண்டு வழியா தூருக்கும் வேருக்கும் இறங்கற மருந்து. நுனி வேரூன்றி பிறந்த பிள்ளைங்க பலதும் இன்னும் தாயோட ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், எது எதோடன்னு மேலேர்ந்து பார்த்தா தெரியாது. ஒரு பக்கம் அடிச்சா நீங்க துணி கட்டினதும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கு. 5 ராட்ங்கறது 126 சதுர மீட்டர் சொச்சம், அதுல மூணுல ஒரு பங்குதான் புதர், கையாலேயே முடியற வேலை.

ஆனா பெரிய வெட்டை இப்பவே ஆரம்பிக்காதீங்க. ஆகஸ்ட் வரைக்கும் கூட சில பறவைங்க குஞ்சோட உள்ள இருக்கும், புழக்கத்துல இருக்கற கூட்டை கலைக்கறது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சட்டத்தை விடுங்க, பாவம். அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரிக்குள்ள முடிங்க. அடியில சருகு குவிஞ்சிருந்தா குச்சியால மெதுவா கிளறிப் பாருங்க, முள்ளெலி படுத்திருக்கும். தண்டை பிடிச்சு இழுக்கவே கூடாது, சாட்டை மாதிரி முகத்துக்கு வரும், நீளக் கைப்பிடி லாப்பர் கத்தரியால மேலேர்ந்து துண்டு துண்டா வெட்டிக்கிட்டே இறங்குங்க. முழங்கை வரைக்கும் லெதர் க்ளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி, இது ரெண்டும் இல்லாம கை வைக்காதீங்க. டெட்டனஸ் ஊசி பாக்கி இருந்தா முன்னாடியே போட்டுக்கங்க. மிச்ச தூரை மேட்டாக் (கடப்பாரை மாதிரி பேர்க்கற, அகல வாய் உள்ள கொத்து) வச்சு பேர்த்து எடுக்கணும், மண்ணுக்குக் கொஞ்சம் கீழ மரக்கட்டை மாதிரி ஒரு முண்டு இருக்கும் பாருங்க, திரும்பத் துளிர்க்கறது பெரும்பாலும் அதுலேர்ந்துதான், அது வந்துட்டா அறுந்து போன சல்லி வேருக்காக குழி தோண்டிக்கிட்டு நிக்க வேண்டாம். வெட்டின பச்சைத் தண்டை அப்படியே உரக்குவியல்ல போட்டீங்கன்னா அங்கயும் வேர் விடும், நல்லா காய விட்டு அப்புறம் போடுங்க.

வேலிக்கு நல்ல கெட்டி போஸ்ட் நட்டு, தரையிலேர்ந்து முக்கால் மீட்டர்ல ஆரம்பிச்சு சுமார் ஒரு அடிக்கு ஒண்ணா நாலு வரிசை கம்பி கட்டுங்க, மேல்கம்பி 1.7 மீட்டர்கிட்ட வரும். சில சைட்ல உயரத்துக்கும், பழச்செடி எவ்ளோ இடத்துல வைக்கலாங்கறதுக்கும் கட்டுப்பாடு உண்டு, ஒப்பந்தத்தை ஒரு தடவை படிச்சுட்டு அலாட்மென்ட்டை பார்த்துக்கற சைட் செக்ரட்டரிகிட்ட இது களை இல்ல, பழத்துக்கு வச்சிருக்கேன்னு சொல்லி வச்சிடுங்க. கம்பி ஏறாத ப்ராம்பிளை பார்த்தா எந்த கமிட்டியும் பராமரிக்காத ப்ளாட்டுன்னு லெட்டர்தான் போடும், அவங்களை குறை சொல்லவும் முடியாது.

கட்டற முறையில எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒருபக்க முறை. இந்த வருஷம் காய்க்கற தண்டெல்லாம் தூருக்கு வலப்பக்கம் விசிறி மாதிரி, புதுசா வர்றதெல்லாம் இடப்பக்கம். பழம் முடிஞ்சதும் வலப்பக்கம் மொத்தத்தையும் அடியோட வெட்டிடலாம், எது பழசு எது புதுசுன்னு முள்ளுக்குள்ள தேட வேண்டியதில்ல, பழைய தண்டுல இருக்கற பூஞ்சை நோயும் புதுசு மேல சொட்டாது. அடுத்த வருஷம் பக்கம் மாறும், அவ்ளோதான். ஒரு தூருக்கு தடிச்சதா ஆறுலேர்ந்து எட்டு தண்டு விடுங்க, மிச்சத்தை இளசாவே கிள்ளிடுங்க. மனசு வராது, ஆனா கிள்ளாம விட்டா காட்டுச்செடி காட்டுச்செடியாவே இருக்கும். ஜூன், ஜூலையில வாரா வாரம் பார்த்து கட்டிக்கிட்டே வரணும். கம்பி தாண்டிப் போற நுனியை வெட்டிடுங்க, பதியத்துக்கு நீங்களா இறக்கினாத்தான் உண்டு, மத்தபடி ஒரு நுனி கூட மண்ணைத் தொடக் கூடாது. வசந்தத்துல மக்கின எரு ஒரு ரெண்டு மூணு இஞ்ச் மூடாக்கா போடுங்க, தூரை ஒட்டி இல்லாம கொஞ்சம் தள்ளி. தழைச்சத்து அள்ளிக் கொட்டாதீங்க, தண்டுதான் ஓடும். காய் பருக்கிற நேரத்துல மழை இல்லைன்னா நல்லா நனையற மாதிரி தண்ணி.

இவ்ளோ செஞ்சாலும் கடை டப்பாவுல வர்ற சைஸ் வராது, அதை முன்னாடியே சொல்லிடறேன். வெயிலும் எருவும் கிடைச்சா பழம் முன்னைவிட பருமனா வரும், ஆனா அது பிறவி வகையை தாண்டிப் போகாது. பெரிய பழம்தான் வேணும், சின்னப் பிள்ளைங்க ஓடற இடம் முள்ளே வேண்டாம்னா லாக் நெஸ், ஆரிகன் தார்ன்லெஸ் மாதிரி முள்ளில்லாத வகை ஒண்ணு வாங்கி வைக்கறதுதான் சரி. என் மனசுல இருக்கறதைக் கேட்டா, ஒரு தூர் உங்க காட்டுச்செடி, ஒரு தூர் வாங்கினது. ஜாமுக்கும் மணத்துக்கும் நல்ல காட்டுப் பழத்துக்கு ஈடு கிடையாது. ஃபான்டேசியான்னு விக்கற வகையே லண்டன் பக்கம் கிங்ஸ்டன்ல ஒரு அலாட்மென்ட்ல தானா முளைச்சு நின்ன செடிதான், உங்க புதர்ல என்ன இருக்குன்னு தின்னு பார்க்காம யார் சொல்ல முடியும்?

பூச்சியில ஒண்ணே ஒண்ணு சொல்லணும், புள்ளிச்சிறகு பழ ஈ. பிரிட்டன்ல 2012ல முதல்ல கண்டது, பழுக்கற பழத்துலயே முட்டை வைக்கும். மருந்தை நம்பாதீங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் பழுத்ததை பறிச்சு உடனே ஃப்ரிட்ஜ்ல வைங்க, அழுகினதை செடியில விட்டு வைக்காதீங்க. செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளுக்கு அப்புறம் சாத்தான் துப்பின பழம், பறிக்காதேன்னு அந்த ஊர் பெரியவங்க சொல்வாங்க, அதுல விஷயம் இருக்கு, அதுக்கப்புறம் ஈரமும் குளிரும் சேர்ந்து பழம் நீர்த்து சாம்பல் பூசணம் பிடிச்சிடும். அந்தக் கடைசிப் பழத்தை பறவைக்கு விட்டுட்டு, காய்ச்ச தண்டை வெட்ட லாப்பரை சாணை பிடிச்சு வைங்க. துணி கட்டினப்புறம் தூரையும் பழத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க தம்பி, எந்தத் தண்டை பதியத்துக்கு இறக்கறதுன்னு பார்த்துச் சொல்றேன்.