6×7 கேமராவிலிருந்து 4×5 லார்ஜ் ஃபார்மட்டுக்கு மாறுவது பயன் தருமா?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரங்கள் இவை: சில ஆண்டுகளாக 6×7 கேமராவில் (ரோல் ஃபிலிமில் ஏறக்குறைய 6×7 செ.மீ. படம்) கறுப்பு வெள்ளை ஃபிலிம் பயன்படுத்துகிறீர்கள். வீட்டிலேயே டெவலப் செய்து பிளாட்பெட் ஸ்கேனரில் ஸ்கேன் செய்கிறீர்கள். பெரும்பாலும் மலைக்காட்சிகள், பழைய கட்டடங்கள், எப்போதாவது மனிதர்கள். இதுவரை போட்டதில் பெரிய பிரிண்ட் 16×20 அங்குலம். 4×5க்கு, அதாவது 4×5 அங்குல ஃபிலிம் தாள்களில் ஒவ்வொன்றாக எடுக்கும் கேமராவுக்கு மாறினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா, செலவும் சுமையும் தகுமா என்று கேட்கிறீர்கள்.

நெகட்டிவ் பெரிதாகும் என்பது ஒன்றுதான் காரணமென்றால், வேண்டாம் என்பேன். லென்ஸையும் ஃபிலிமையும் தனித்தனியாக உயர்த்தவும் சாய்க்கவும் முடிகிறதே, அதற்காக என்றால் தயங்காதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பலரும் அதன் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

முதல் பாதி மிகவும் கவர்ச்சியானது. 4×5 தாளின் படப்பரப்பு 35 மி.மீ. படத்தைப் போல ஏறக்குறைய 13 மடங்கு, 6×7 படத்தைப் போல 3 மடங்கு. ஆனால் பரப்பு 3 மடங்கு என்றால் நீளவாக்கில் 1.7 மடங்குதான். 16×20 பிரிண்டுக்கு 6×7 நெகட்டிவை 7 மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டும், 4×5 நெகட்டிவை 4 மடங்கு. இந்த வித்தியாசம் உண்மையானது. வானத்தின் சாம்பல் நிறம் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வழுக்கிக்கொண்டு போகும், ஃபிலிமின் மணிகள் (படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் துகள்கள்) தெரியாது. ஆனாலும் 35 மி.மீ.யிலிருந்து 6×7க்கு வந்தபோது ஏற்பட்ட திகைப்பு இந்த முறை கிடைக்காது.

இரண்டாவது பாதி, தெளிவின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக விழுகிறது என்பது. 6×7இல் 90 மி.மீ. லென்ஸ் காட்டும் அதே காட்சிக்கு 4×5இல் 150 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதே ஆழம் கிடைக்க லென்ஸின் துளையை, அதாவது அபெர்ச்சரை, ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் மூட வேண்டும் (ஒரு ஸ்டாப் மூடினால் ஒளி பாதியாகும், எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). எஃப்/11இல் எடுத்ததை எஃப்/16க்கும் 22க்கும் இடையில் எடுக்கிறீர்கள். அதற்கேற்ப ஷட்டர் நேரம் நீள்கிறது. மலைச்சரிவில் புல் ஆடிக்கொண்டிருக்கிறது, நேரத்தை நீட்ட முடியாது என்றால் வேகமான ஃபிலிமைப் போட வேண்டும். 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிம் போதுமாயிருந்த இடத்தில் ஏறக்குறைய 300 வேண்டும். அப்போது கடையில் கிடைப்பது 320 அல்லது 400. பெரிய தாளில் மிச்சப்படுத்திய மணிகளை வேக ஃபிலிம் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது! சிறிய துளையில் ஒளி வளைவதால் வரும் மங்கலும் அப்படித்தான்: ஒரே ஆழத்துக்குத் துளையைச் சுருக்கினால், ஒரே அளவு பிரிண்டில் இரண்டு கேமராவிலும் ஒரே அளவு மங்கல்.

ஆகவே வெறும் அளவின் பலன் முழுமையாகக் கைக்கு வருவது காட்சி அசையாமல் நிற்கும்போதும், உறுதியான டிரைபாட் இருக்கும்போதும், எவ்வளவு நேரமானாலும் ஷட்டரைத் திறந்துவைக்க முடியும்போதும்தான். கட்டடங்களுக்கு இது பொருந்தும். காற்றடிக்கும் மலைக்குப் பாதி நாள் பொருந்தாது.

இந்தக் கணக்கை உடைக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் இந்தக் கேமராவின் உயிர்.

கேமராவின் நடுவில் மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தியின் ஒரு முனையில் லென்ஸ் பலகை, மறுமுனையில் ஃபிலிம். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. லென்ஸைச் சில டிகிரி முன்னோக்கிச் சாய்த்தால் தெளிவாக விழும் தளமும் சாய்கிறது. லென்ஸ் தளம், ஃபிலிம் தளம், தெளிவுத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும் என்பது விதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வான்வழிப் படங்களின் கோணலைத் திருத்த முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக்கின் பெயரால் இது வழங்குகிறது. நடைமுறையில் இப்படி வரும்: கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லென்ஸ் 150 மி.மீ. அதை 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்த்தால் தெளிவுத் தளம் லென்ஸுக்கு நேர் கீழே தரையைத் தொடும். பிறகு ஃபோகஸைச் சரிசெய்து அந்தத் தளத்தைத் தரையோடு படிய வைக்கலாம். காலடிக் கூழாங்கல்லும் அடிவானமும் ஒரே நேரத்தில் தெளிவு, அதுவும் எஃப்/16இல். 6×7இல் இதற்கு எஃப்/32 போனாலும் மனம் ஒப்பாது.

எல்லாக் காட்சிக்கும் இது உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஓர் உயரமான மரம் நின்றால் அதன் உச்சி சாய்ந்த தளத்திலிருந்து வெகுதூரம் விலகிவிடும். அப்போது சாய்வைக் குறைத்து, துளையைச் சுருக்கி, பழைய வழிக்கே திரும்ப வேண்டியதுதான்.

கட்டடங்களுக்குப் பயன் இன்னும் நேரடியானது. கேமராவை அண்ணாந்து பார்க்க வைத்தால் சுவர்கள் மேலே குவிந்து சாயும். கேமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே உயர்த்தினால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே நிற்கும். இதற்கு லென்ஸின் ஒளிவட்டம் தாளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 4×5 தாளின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ. சாதாரண 150 மி.மீ. நவீன லென்ஸ்கள் பல எஃப்/22இல் 210 மி.மீ. விட்டம் வரை ஒளி பரப்பும். அந்த மிச்சம்தான் நீங்கள் நகர்த்திக்கொள்ளக் கிடைக்கும் இடம். கணினியில் கோட்டை நிமிர்த்தலாமே என்பீர்கள். நிமிர்த்தலாம். ஆனால் படத்தின் மேல்பகுதி இழுபட்டு அங்கே விவரம் குறையும், ஓரங்களை வெட்ட வேண்டிவரும். முக்கியமாக, எடுக்கும்போதே சட்டகத்தைப் பார்த்து அமைக்க முடியாது.

ஸ்கேனர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு தனிப்பட்ட லாபம் உண்டு. பிளாட்பெட் ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 டி.பி.ஐ. என்று போட்டிருந்தாலும் உண்மையில் கிடைக்கும் விவரம் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். 2000 என்றே வைத்துக்கொள்வோம். 6×7 படத்திலிருந்து ஏறக்குறைய 24 மெகாபிக்சல் வருகிறது, 4×5இலிருந்து 70. அதாவது இப்போது உங்கள் 6×7 நெகட்டிவில் இருப்பதில் ஒரு பகுதியை ஸ்கேனரே விழுங்கிவிடுகிறது. ஆனால் இதே வாதத்தைத் திருப்பியும் போடலாம்: இருக்கும் நெகட்டிவ்களில் சிறந்த நாலைந்தை இன்னும் நுணுக்கமாக விவரம் எடுக்கும் டிரம் ஸ்கேனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் புதுக் கேமராவின் தேவை பாதியாகக் குறைந்துவிடும். இருட்டறையில் பிரிண்ட் போடும் எண்ணம் இருந்தால் வேறு கணக்கு. 6×7 நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரில் 4×5 நெகட்டிவ் நுழையாது. 4×5 என்லார்ஜர் என்பது ஓர் அறையில் ஆள் குடியேறுவதுபோல. கூரை உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஃபிலிமை ஒளிபடாமல் வைத்திருக்கும் ஒரு ஹோல்டரில் முன்னும் பின்னுமாக இரண்டு தாள். முழு இருட்டில் கைத்தடவலில் ஏற்ற வேண்டும். தாளின் ஒரு மூலையில் வெட்டுக் குறிகள் இருக்கும். தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து அந்தக் குறிகள் வலது மேல் மூலையில் வந்தால் படம் பதியும் மருந்துப் பக்கம் உங்களைப் பார்க்கிறது. ஹோல்டரில் தாளை மூடும் தகடான டார்க் ஸ்லைடின் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் எடுக்காத தாள், கறுப்பு விளிம்பு என்றால் எடுத்தது. இவையெல்லாம் சில வாரங்களில் விரலுக்குப் பழகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. தூசிக்குத்தான் பயப்பட வேண்டும். துருத்தியிலும் ஹோல்டரிலும் ஒட்டியிருக்கும் ஒரு துகள் தாளில் வந்து அமர்ந்தால் வானத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி. அடிக்கடி நடக்கும், தவிர்க்கவும் முடியும், ஆனால் துடைக்கும் வேலை ஓயாது.

கேமராவின் பின்பக்கத்தில் ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். இதைப் பெரிய தொல்லையாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதுதான் சுகமே. மலை மலையாகத் தெரியாமல் இருட்டும் வெளிச்சமுமாகத் தெரியும்போது சட்டகத்தின் சமநிலைக் குறை சட்டென்று கண்ணில் படுகிறது.

கணக்குகளில் இரண்டு புதிதாகச் சேரும். துருத்தியை நீட்டினால் ஒளி குறையும். 210 மி.மீ. லென்ஸில் முகப்படம் எடுக்கத் துருத்தி 260 மி.மீ. வரை நீண்டால் மூன்றில் இரண்டு ஸ்டாப் அளவுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அடுத்து, நீண்ட நேரங்களில் ஃபிலிம் சோம்பேறியாகிவிடும்: மீட்டர் 10 விநாடி என்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸுக்கு ஏறக்குறைய 20 விநாடி தேவை. 6×7இல் எப்போதாவது எதிர்கொண்டதை இங்கே மாலை நேரமெல்லாம் எதிர்கொள்வீர்கள்.

ஒவ்வொரு தாளையும் அதற்கேற்ற நேரத்தில் டெவலப் செய்யலாம் என்பதும் ஒரு கவர்ச்சி. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த ஸோன் முறை முழுமையாக வேலை செய்வது இங்கேதான். வெயில் கொளுத்தும் காட்சிக்கு நேரத்தைக் குறைத்து, மந்தமான நாளுக்கு நேரத்தைக் கூட்டி, காட்சியின் ஏற்ற இறக்கத்தை நெகட்டிவிலேயே அடக்கலாம். ஆனால் ஸ்கேன் செய்பவருக்கு இதன் அவசியம் குறைவு என்றே நினைக்கிறேன். வழக்கமான பேட்டர்சன் தொட்டிக்குள் ஆறு தாள்களைப் பிடித்துவைக்கும் சட்டங்கள் கிடைக்கின்றன, உங்கள் இப்போதைய மருந்துகளே போதும்.

மனிதர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபோகஸ் செய்து, ஷட்டரை மூடி, துளையைச் சுருக்கி, ஹோல்டரைச் செருகி, டார்க் ஸ்லைடை உருவும் வரை எதிரே இருப்பவர் தலையை அசைக்கக் கூடாது. குழந்தைகளை இதில் எடுக்க முயல வேண்டாம். ஆனால் ஹோல்டரைச் செருகியபின் நீங்கள் கண்ணாடி வழியே பார்ப்பதில்லை, ஆளை நேருக்கு நேர் பார்க்கிறீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் இன்னும் பெரிய 8×10 கேமராவின் பக்கத்தில் நின்று, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்தபடி எடுத்தார். அந்தப் படங்களில் இருக்கும் இறுக்கத்தில் பாதி அந்த நிற்பிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

செலவைப் பொறுத்தவரை, ஒரு தாளில் ஆகும் செலவு 6×7 படம் ஒன்றைப்போலப் பல மடங்கு, வண்ணத்தில் இன்னும் கூடுதல். அந்தப் பயத்தில் நிதானமாக எடுப்பீர்கள், அதனால் படங்கள் மேம்படும் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பவில்லை. நிதானம் வேண்டுமென்றால் இப்போதைய கேமராவிலேயே நிதானமாக எடுக்கலாம், யாரும் தடுக்கவில்லை.

முடிவெடுக்க உங்கள் பழைய காண்டாக்ட் ஷீட்களை (நெகட்டிவ்களை அதே அளவில் வரிசையாகப் பிரிண்ட் போட்ட தாள்கள்) எடுத்து மேசையில் பரப்புங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். டிரைபாட்டில் வைத்து எடுத்தவை எத்தனை? சுவர் சாய்ந்ததாலோ முன்புறம் மங்கியதாலோ ஒதுக்கியவை எத்தனை? ஓடிவரும் மேகத்தையோ கடந்துபோகும் ஆளையோ அந்த நொடியில் பிடித்ததால் மட்டுமே நன்றாக அமைந்தவை எத்தனை? இரண்டாவது வகை நிறைய இருந்தால் 4×5 உங்களுக்கான கேமரா. மூன்றாவது வகைதான் உங்கள் சிறந்த படங்கள் என்றால் 6×7ஐ விட்டு நகராதீர்கள். கட்டடங்கள் பெருமளவு இருப்பதால் உங்கள் தட்டு 4×5 பக்கம்தான் தாழும் என்று ஊகிக்கிறேன்.

வாங்குவதென்றால் இரண்டு வகை. ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது கழித்துவிட்ட, ஒற்றைத் தண்டின் மேல் நகரும் மோனோரெயில் கேமராக்கள் மலிவு, உயர்த்துவது சாய்ப்பது என எல்லா அசைவும் உண்டு, ஆனால் கனமும் பருமனும் அதிகம். மடக்கும் ஃபீல்டு கேமரா இலகுவானது, அசைவு கொஞ்சம் குறைவு. மலையேறுபவருக்கு இரண்டாவதுதான். பழைய கிராஃப்ளெக்ஸ் பத்திரிகைக் கேமராக்களைத் தவிர்த்துவிடுங்கள், அழகானவை, ஆனால் நீங்கள் தேடும் அசைவுகள் அவற்றில் போதாது. லென்ஸ் ஒன்றே போதும், 150 மி.மீ. எஃப்/5.6. வாங்குமுன் ஷட்டரை ஒரு விநாடியில் வைத்துக் கேளுங்கள், பழைய ஷட்டர்கள் மெதுவான வேகங்களில்தான் முதலில் தடுமாறும். இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்து, மடிப்பு மூலைகளில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள்.

கிராஃப்ளாக் பின்பக்கம் உள்ள கேமராவாகத் தேர்ந்தெடுங்கள். அதில் 6×7 ரோல் ஃபிலிம் பின்பெட்டி ஒன்றை மாட்டலாம். முதல் சில மாதங்கள் நீங்கள் வழக்கமாக வாங்கும் 120 ஃபிலிமிலேயே சாய்ப்பதையும் உயர்த்துவதையும் பழகிக்கொள்ளுங்கள், தாளை அப்புறம் வாங்கலாம். சட்டகம் சிறிதானாலும் அசைவுகள் அத்தனையும் கிடைக்கும். இந்தப் பின்பெட்டியே போதும், தாள் வேண்டாம் என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். அதுவரை பழைய 6×7 கேமராவை விற்றுவிடாதீர்கள்.