ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒன்றுதானா?

2024இல் இரண்டும் மார்ச் 25ஆம் தேதி ஒரே நாளில் வந்தன, 2025இல் ஹோலி மார்ச் 14, உத்திரம் ஏப்ரல் 11 என்று பிரிந்துவிட்டன, இவை ஒரே பண்டிகையா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டாட்டம் வேறு, நாளின் வேர் ஒன்று என்பதே என் பதில்.

முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதன் பெயரையே மாதத்துக்கு இடுவது பழைய வழக்கம். நாம் உத்திரம் என்பதை வடமொழியில் உத்தர பல்குனி என்பார்கள்; அதிலிருந்து பால்குனம் என்ற மாதப் பெயரும், அது திரிந்து நம் பங்குனியும் வந்தன. வடக்கே மாதத்தை நிலவைக் கொண்டு கணக்கிட, நாம் சூரியன் மீன ராசியில் நுழைவதைக் கொண்டு கணக்கிடுவதால், பால்குனப் பௌர்ணமி சில ஆண்டுகளில் பங்குனிக்குள்ளும், சில ஆண்டுகளில் மாசியிலும் விழுகிறது. விலகல் அவ்வளவுதான்.

பொருளைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு. ஹோலி என்றாலே நம்மவர்கள் வண்ணப்பொடியை மட்டும் நினைக்கிறார்கள்; ஆனால் பண்டிகையின் உயிர் முந்தைய இரவு மூட்டும் தீயில் இருக்கிறது. பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் அமர்ந்த அத்தை ஹோலிகா எரிந்துபோக, பிள்ளை பிழைத்த கதை அது. அதன் முடிவை நாமக்கல் குடைவரையில், இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் நரசிம்மராக நாம் பார்த்திருக்கிறோம். ஹோலிகாவின் பெயர்தான் நம் பக்கம் அதிகம் வழங்கவில்லை. நமக்கு அந்த நெருப்பு காமனுடையது. சிவனின் தவத்தைக் கலைக்க மலர்க்கணை தொடுத்த மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்ததை மாசிப் பௌர்ணமியில் காமன் பண்டிகையாக நடத்தும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளன. எரிந்தவன் எதற்காக அம்பு தொடுத்தானோ, அந்தச் சிவன் பார்வதி திருமணம் பங்குனி உத்திரத்தில் நடக்கிறது. மாசியில் சாம்பல், பங்குனியில் கல்யாணம் என்ற இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தமானது. முருகன் தெய்வானை திருமணமும் அதே நாளில் என்பதால், சேலத்தில் எங்கள் குடும்பம் அன்று குமரகிரி மலையேறுவதை விட்டதில்லை.

நாங்கள் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்தபோது, ராஜஸ்தானிலிருந்து வந்து தலைமுறைகளாக வணிகம் செய்யும் பக்கத்து வீட்டார் வறட்டியும் விறகும் அடுக்கித் தீ மூட்டி, புதிய கோதுமைக் கதிர்களை அதில் வாட்டுவார்கள். அவர்கள் ஊரில் அது அறுவடைக் காலம். வண்ணம் பூச வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளும் என் அம்மா, மறுநாள் அவர்கள் கொடுத்தனுப்பும் அந்தத் தீயின் சாம்பலை மட்டும் மறுக்கமாட்டார். பொட்டலத்தைப் பிரித்து, குமரகிரித் திருநீறு இருக்கும் சம்புடத்திலேயே கொட்டி வைத்துவிடுவார்.